சகலை வீட்டு டஸ்ட் கலெக்டர்

என் பட்டறையில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. என் மனைவிக்கென்று போட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, குன்றத்தூர் வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்டு மரவேலை ஆரம்பித்த புதிதில், சாயங்காலக் காப்பியை எடுத்துக்கொண்டு அவள் அங்கே வந்து உட்காருவாள். உட்காரும் முன் முந்தானையால் இருக்கையை ஒரு தடவை, இரண்டு கைப்பிடிகளையும் ஒவ்வொரு தடவை துடைப்பாள். மொத்தம் மூன்று. நாளாக ஆக மூன்று ஐந்தாயிற்று. கூடவே தும்மலும் வந்தது. ஒரு மழைக்காலத்தில் இளைப்பு கண்டபிறகு வருவதையே நிறுத்திவிட்டாள். நாற்காலிக் கைப்பிடியில் விரலால் கையெழுத்துப் போடலாம், அவ்வளவு மரத்தூள்.

நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவன். தட்டுத் தட்டாக வரும் பாகங்களை எண்ணி எண்ணி, எதைக் கண்டாலும் எண்ணுவது வழக்கமாகிவிட்டது. என் சகலை, மனைவியின் தங்கை கணவர், அதே சாலையில் ஒரு லாரித் தொழிற்சாலையில் பெயின்ட் ஷாப்பில் இருந்தார். வீடு வல்லக்கோட்டை. என்னைப் பார்த்துத்தான் அவரும் மரவேலையில் இறங்கினார். இதை யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் மரப் பெட்டிகளை உடைத்து எடைக்குப் போடும் கடையை அவருக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தான். நான் செய்த முக்காலிகள் ஆடாது. அவருடையவை ஆடும். ஆடினால், "ஊஞ்சல் மாதிரி இருக்கட்டும்னு செஞ்சது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஆனால் மரத்தூளை உறிஞ்சியெடுக்கும் டஸ்ட் கலெக்டரை முதலில் வாங்கியவர் அவர். சின்ன மோட்டார், ஒரே ஒரு துணிப்பை. வழியில் ஒரு பழைய பீப்பாய் வைத்து, கனத்த சீவல் அதில் விழும்படி செய்திருந்தார். அதில் பெரிய யோசனை ஒன்றும் இல்லை. யாரோ காட்டிய படத்தைப் பார்த்துச் செய்தது. இயந்திரத்தைச் சுவருக்கு வெளியே வைத்ததுகூட, சத்தத்தில் டிவி கேட்கவில்லை என்று என் மைத்துனி திட்டியதால்தான். மனம்போனபடி செய்கிறவருக்கு எல்லாம் சரியாக அமைந்துவிடும். அப்படிச் சிலர் இருக்கிறார்கள்.

என் மனைவி மாதாமாதம் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போவாள். திரும்பும் வழியில் தங்கை வீட்டில் ஒரு வாய் காப்பி. பிறகு செவ்வாய்க்கிழமைகளும் சேர்ந்துகொண்டன. ஒரு செவ்வாய் நானும் கூடப் போனேன். சகலையின் பட்டறையில், அவர் இழைத்துக்கொண்டிருக்க, பக்கத்திலேயே முக்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். தும்மல் ஒன்று இல்லை. முந்தானை மடியிலேயே கிடந்தது.

"அக்காவுக்கு நம்ம பட்டறை ஏசி ரூம் மாதிரி அண்ணே" என்றார் சகலை. "உங்க வூட்ல உக்கார்ந்தா பவுடர் பூசின மாதிரி ஆயிடுதாம்."

"நான் அப்படியா சொன்னேன்? பொய் சொல்லாத தம்பி" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அன்றிலிருந்து நான் டஸ்ட் கலெக்டர் தேட ஆரம்பித்தேன். பாரிமுனையில் ஏழு கடை ஏறி இறங்கினேன். எவ்வளவு காற்றை இழுக்கும், துணி எவ்வளவு பொடியைத் தடுக்கும் என்று கேட்டேன். குழாய் ஒவ்வொரு முறை வளையும்போதும் இழுவை குறையும் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். சகலையின் குழாயில் நான்கு வளைவுகள், நான் எண்ணியிருந்தேன். எனக்கு ஒரே வளைவு போதும் என்று இயந்திரத்தைப் பட்டறைக்கு உள்ளேயே வைக்க முடிவு செய்தேன். அவருடையதைவிட இரண்டு மடங்கு மோட்டார். அவருக்கு ஒரு பை, எனக்கு இரண்டு. எனக்குத் தேவை எது என்று ஒரு கடையிலும் நான் கேட்கவில்லை. அவரிடம் இருப்பதைவிடப் பெரியது எது என்றுதான் கேட்டேன்.

ஆயுத பூஜை அன்று அவர்களை வரச் சொன்னேன். அறுக்கும் இயந்திரம், இழைப்புளி, துளைக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் மனைவி சந்தனம் குங்குமம் வைத்தாள். கற்பூரத்தை ஏற்றினாள். "குழாய் வாய்கிட்ட காட்டு" என்றேன். அவள் தட்டை நீட்டியதும், இழுவையை எல்லோரும் பார்க்கட்டும் என்று சுவிட்சைப் போட்டேன். சுடர் படுத்தது. அடுத்த நொடி எரிகிற கற்பூரம் தட்டில் இல்லை.

"அண்ணே, சாமி உள்ள போயிட்டாரு" என்றார் சகலை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குள் பையிலிருந்து புகை வந்தது. முந்தின நாள்வரை இழைத்த தூளெல்லாம் அதில்தான் இருந்தது. நான் சுவிட்சை அணைத்துவிட்டு நின்றேன். அவர் பையை உருவி, கட்டிப் பிடித்தபடி வெளியே ஓடி, துணி துவைக்கும் தொட்டியில் அமுக்கினார். மணிக்கட்டில் தோல் வழன்றுவிட்டது. என் மனைவி அவர் கையைத் தண்ணீர்க் குழாயின் கீழ் பிடித்தபடி நின்றாள். "வலிக்குதா தம்பி, வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பதினொரு தடவை கேட்டாள்.

புதுப் பை போட்டேன். தூசி குறைந்ததும் உண்மைதான். ஆனால் அவள் வரவில்லை. "தூசியே தேவலாங்க. இந்தச் சத்தத்துல பேசுனா உங்க காதுல விழுமா?" என்றாள். வெளியே தள்ளி வையுங்கள் என்று சகலை இரண்டு முறை சொன்னார். அவர் சொன்னார் என்பதாலேயே நான் வைக்கவில்லை.

போன வருடம் சகலை மாரடைப்பில் போய்விட்டார். மைத்துனி ஓசூரில் மகள் வீட்டோடு இருக்கப் போகும்போது, "மாமா, அவரு மெஷின நீங்களே எடுத்துக்குங்க. வேற யாரும் தொட்டா எனக்குத் தாங்காது" என்றாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒற்றைப் பையும் பீப்பாயுமாக வந்து இறங்கியது. பெரியதை வாசல் பக்கம் ஒதுக்கிவிட்டு, இதைச் சுவருக்கு வெளியே சின்னக் கூரை போட்டு வைத்தேன். குழாயில் நான்கு வளைவுகள் வந்தன.

ஒரு வாரம் ஓடிய பிறகு, ஒரு சாயங்காலம் என் மனைவி காப்பியோடு வந்தாள். அவள் வருவதைப் பார்த்ததும் பழைய துணி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டேன், நாற்காலியைத் துடைத்துக் கொடுக்கலாம் என்று.

"மெஷின் ஓடுதாங்க?"

"ஓடுது."

அவள் நம்பவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "ஆமா, ஓடுது" என்றாள். தெரிந்த பிறகும் கை சிறிது நேரம் சுவரிலேயே இருந்தது. பிறகு நீல நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை.

நெடுநேரம் பேசினாள். வேறு எதையெதையோதான் பேசினாள். அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுந்து போனபிறகு தோளிலிருந்த துணியை எடுத்து நாற்காலியை நானே துடைத்தேன். இருக்கை ஒன்று, கைப்பிடி இரண்டு. துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.