யாருக்கும் பாரமில்லாத டாக்டர்

“இந்தச் சின்னப்பராஜ் பிறந்ததிலிருந்து யாருக்கும் பாரமாக இருந்ததில்லை, இனி இருக்கப்போவதும் இல்லை. உச்சந்தலையிலிருந்து கால் நகம் வரை என் உடம்பை நானே பார்த்துக்கொள்வேன்!”

டாக்டர் சின்னப்பராஜ் மைசூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, சர்ச் ஹாலில் மைக்கைப் பிடித்து இப்படி அறிவித்தார். பலத்த கைதட்டல். சொந்த ஊரான மார்டள்ளியிலிருந்து பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய அக்கா மட்டும் பக்கத்து நாற்காலியிடம், “நாலு வயசு வரைக்கும் என்ற இடுப்ப உட்டு எறங்குனதில்லீங்க” என்றார். அது மைக்கில் விழவில்லை. மைக்கில் விழாதது வரலாற்றில் சேராது.

டாக்டர் சொன்னதைச் செய்பவர். ஸ்கூட்டர் நின்றுபோனால் தானே தள்ளுவார். மழையில் யாராவது குடை பிடித்தால் குடையை விட்டு விலகி நனைவார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்துப் பாதம் கழுவுவார் அல்லவா, அதற்கு ஆள் சேர்ப்பது டாக்டர்தான். நாற்காலி போடுவார், தண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்ப்பார். பன்னிரண்டாவது ஆள் வராமல் போனாலும் தான் உட்கார மாட்டார். “நான் கழுவுற கட்சி சாமி, காலை நீட்டுற கட்சி இல்ல” என்பார். பன்னிரண்டாவது நாற்காலியில் வாட்ச்மேன் உட்காருவார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் இரண்டு காரியங்களை எடுத்துக்கொண்டார். ஒன்று, தீராத நோயில் படுத்திருப்பவர்களை வீடுவீடாகப் போய்ப் பார்த்து வலிக்கு மருந்து கொடுப்பது. மற்றது, சேகரனை எதிர்ப்பது.

சேகரன் ஓய்வுபெற்ற பேராசிரியர். தீராத நோயாளி கேட்டால், உயிரை முடித்துக்கொள்ளும் மருந்தை டாக்டரே கொடுக்கச் சட்டம் வேண்டும் என்று ஒரு மன்றம் நடத்தி வந்தார். கெட்டவர் இல்லை, தன் மனைவி கடைசியில் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவர் எங்கே கூட்டம் போட்டாலும் டாக்டர் அங்கே போய் எழுந்து நிற்பார்.

டாக்டரின் பேச்சு எந்த ஊரிலும் ஒன்றுதான். “உயிர் கடவுள் கொடுத்தது. அதை முடிக்கிற உத்தரவு எனக்கும் இல்லை, நோயாளிக்கும் இல்லை. உடம்பு முடிந்துபோன பிறகு மெஷினைக் கழற்றுவது கொலை இல்லை, அது சாவுக்கு வழி விடுவது. வலிக்கு மார்ஃபின் கொடுப்பதும் கொலை இல்லை. சாகட்டும் என்றே கொடுப்பது வேறு. ஒரே கை இரண்டையும் செய்ய ஆரம்பித்தால், ஊசியோடு உள்ளே வருகிற டாக்டரைப் பார்த்து ‘இன்றைக்கு எதற்கு வந்திருக்கிறார்?’ என்று நோயாளி யோசிக்க வேண்டிவரும்.” இங்கே தண்ணீர் குடிப்பார். பிறகு குரலைத் தாழ்த்துவார். “இந்தச் சட்டம் வந்தால், படுக்கையில் கிடக்கிறவன் ஒவ்வொருவனும் தான் ஏன் இன்னும் இருக்கிறேன் என்று வீட்டாருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். மனிதன் மனிதனுக்குப் பாரமாக இருப்பது குற்றமல்ல.”

கூட்டம் முடிந்து யாராவது டீயை எடுத்துக்கொண்டு வந்தால், “வேண்டாம், நானே எடுத்துக்கறேன்” என்பார். இந்த முரண்பாட்டை மைசூரில் யாரும் கவனிக்கவில்லை, உதயகுமாரைத் தவிர.

உதயகுமார் மைசூரின் பன்னிமண்டபம் பகுதியில் இருந்தார். பஸ் டிரைவர். முதுகெலும்பில் புற்றுநோய் வந்து இடுப்புக்குக் கீழே எதுவும் வேலை செய்யவில்லை. முன்னறையில் தாழ்வான கட்டிலில் தலையணைகளில் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாம் அவர் மனைவி கனகாதான்.

“வலி எப்படி?” என்றார் டாக்டர்.

“வலி பரவால்ல டாக்டரே. உங்க மாத்திரைல ராத்திரி நல்லா தூங்கறேன். காலைல முழிச்சிடறேன், அதான் பிரச்சினை. ஒரு ஊசி போட்டு டிப்போவுக்கு அனுப்பிடுங்க.”

டாக்டர் முழுப் பேச்சையும் பேசினார். தண்ணீர் குடிக்கும் இடத்தில் தண்ணீரும் குடித்தார். உதயகுமார் ரயில்வே கேட்டில் நிற்கும் டிரைவரின் பொறுமையோடு கேட்டு முடித்தார்.

“நல்லா பேசுனீங்க. உங்க ரிட்டயர்மென்ட் விழாவுக்கு நர்சுங்கள ஏத்திட்டு வந்த பஸ் என்னுது, ஞாபகம் இருக்கா? நானும் ஹால்ல நின்னேன். யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்னீங்க. எல்லாரும் கை தட்டுனாங்க, நானும் தட்டுனேன். இப்ப அதையேதானே நான் சொல்றேன்? நீங்க சொன்னா கைதட்டு, நான் சொன்னா உபதேசமா?”

“அது... அது மேடைப் பேச்சு உதயகுமார்.”

“இது கட்டில் பேச்சு. இவ என் பீயை அள்ளறா டாக்டரே.”

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கனகா நிமிர்ந்தாள். “அள்ளறேன்னு எப்பவாவது சொல்லிக் காட்டுனேனா?”

“பெருமூச்சு வுடறியே.”

“அது என் மூச்சு. அதையும் உங்களக் கேட்டுத்தான் வுடணுமா?”

டாக்டர் பையை மூடினார். தோல்வி அவருக்குப் புதிது. எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். உதயகுமாரும் தரையைப் பார்த்தார். யார் வீட்டுக்குப் போனாலும் டாக்டர் வாசலில் செருப்பைக் கழற்றித்தானே ஆகவேண்டும். தாழ்ந்த கட்டிலில் கிடப்பவருக்கு முதலில் தெரிவது வருகிறவரின் கால்தான்.

“டாக்டரே, நகம் எருமைக் கொம்பு மாதிரி வளைஞ்சிருக்கு. சர்க்கரைக்காரருக்கெல்லாம் காலைப் பாத்துக்கச் சொல்றீங்க. உங்களுக்குக் குனிய முடியலையா?”

“முடியுமே.”

“வெட்டி விடவா? கை ரெண்டும் ஓடுது.”

“பேடா, வேண்டாம்” என்றார் டாக்டர். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம் வரும்.

அந்த வாரம் சேகரன் உதயகுமாரை வந்து பார்த்துவிட்டுப் போனார். மன்றத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உதயகுமார் அந்தச் சட்டம் கேட்டு வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலை டாக்டர் புதிதாக நான்கைந்து வாதங்களைத் தயாரித்துக்கொண்டு போனார். கனகா வாசலிலேயே நிறுத்தினாள். “முந்தாநாள்ல இருந்து கஞ்சியத் தொடல சார். ‘டாக்டர் ஊசி போட மாட்டாரு, சட்டம் வர வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது’ங்கறாரு. எனக்குப் பயமா இருக்கு. ஏதாவது பேசுங்க.”

டாக்டர் உள்ளே போனார். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். விழுங்குவதில் கோளாறு இல்லை. வேண்டாம் என்றுதான் விட்டிருக்கிறார். வாயைத் திறந்தார். தயாரித்த வாதங்களில் ஒன்றுகூட வரவில்லை.

பிறகு, யாரும் சொல்லாமல், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, உதயகுமாரின் கைக்கு எட்டுகிற தலையணைமேல் வைத்தார்.

“காலை நீட்டறேன், தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். “குனிய முடியல. ரொம்ப நாளாவே முடியல.”

உதயகுமார் அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “கனகா, பஸ் சாவி மாட்டியிருந்த கொத்துல நகவெட்டி இருக்கும், எடு.”

“எனக்கும் சர்க்கரை இருக்கு. சதையில படாம...” என்றார் டாக்டர்.

“டபுள் ரோடு இல்லாத ஊர்லயே பஸ் திருப்புனவன். ஆடாம இருங்க.”

கட்டை விரல் நகம் வெட்டுப்பட்டுத் தெறித்து அலமாரிக்கு அடியில் போனது. இரண்டாவது விரல். மூன்றாவது. நான்காவது விரலில் நகவெட்டி நழுவியது. உதயகுமார் மூச்சு வாங்கினார். நெற்றியெல்லாம் வியர்வை.

“போதும்” என்றார் டாக்டர்.

“என்ன போதும்? அரைகுறையா வுட்டா நாளைக்கு ஊர்ல யார் வெட்டுனான்னு கேப்பாங்க.” கையை உதறிப் பார்த்தார். நடுக்கம் நிற்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்: “வயித்துல ஒண்ணும் இல்லாம கை நிக்க மாட்டேங்குது. கனகா, அந்தக் கஞ்சி சூடா இருக்கா?”

கனகா அடுப்படிக்குப் போனாள்.

கஞ்சி குடித்த பிறகு வலது கால் முடிந்தது. இடது கால் நாளைக்கு என்று தீர்மானமாயிற்று.

“நாளைக்கு உங்களுக்கு மீட்டிங்” என்றார் டாக்டர், நேர்மையாக.

“சேகரன் சார் ஸ்வல்ப வெயிட் பண்ணட்டும். முதல்ல கால். நீங்களும் அங்க போய்ப் பேசிட்டு லேட்டா வராதீங்க.”

டாக்டர் எழுந்திருக்கப் பார்த்தார். கட்டில் தாழ்வு, இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்னொரு முறை பார்த்தார். பிறகு கனகாவை நோக்கிக் கையை நீட்டினார்.

கனகா பிடித்து இழுத்தாள். நல்ல கனம். நிமிர்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். உதயகுமார் நகவெட்டியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.