வள்ளியை நான் திருப்பி அனுப்பிய நாள்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இன்று காடாம்புலியூரில் சொந்தமாக முந்திரிக் கம்பெனி வைத்து முப்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன். நில வழக்குகளில் ஜெயித்து ஜெயித்து, கோர்ட்டையே கரைத்துக் குடித்தவன் என்ற பெருமையும் எனக்கு உண்டு.

2006-இல் ஒரு நாள், என்னிடம் கொட்டை உடைக்கும் வள்ளி அழுதுகொண்டு வந்தாள். லோடு ஏற்ற வந்த லாரிக்காரன் அவளைப் பலாத்காரம் செய்திருக்கிறான். போலீசுக்குப் போக என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

"எனக்குத் தெரியாத கோர்ட்டா? சிதம்பரத்துல ஒருத்தனோட இருந்தியே, அத லாரிக்காரனோட வக்கீலு எல்லாரு எதிர்லயும் கிளறுவான். வேணாம்மா" என்றேன்.

"நீங்க சொன்னா சரி மாமா" என்று திரும்பிப் போனாள்.

அடுத்த வருஷம் கடலூரில் என் வக்கீலம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அந்த மாதிரி பழைய கதையெல்லாம் கேக்கக் கூடாதுன்னு சட்டத்த மாத்தி நாலு வருஷம் ஆவுதுங்களே!"

ஓடிப்போய் வள்ளியிடம் சொன்னேன்.

"அன்னைக்கே பொடவையத் தொவச்சிட்டேன் மாமா. இனிமே யாரு நம்புவாங்க?" என்றாள்.

இப்போதெல்லாம் யார் யோசனை கேட்டு வந்தாலும், "எனக்குத் தெரியாதும்மா, வண்டியில ஏறு" என்று அப்போதே வக்கீலம்மாவிடம் அழைத்துப் போகிறேன். வள்ளியைத்தான் அழைத்துப் போகவில்லை.