மச்சானின் காரும் வாப்பா ஊற்றிய ஒயிலும்

அந்தச் சிவப்பு விளக்கு மிகச் சிறியது. மூக்கு நீண்ட ஒரு குவளையிலிருந்து ஒரு சொட்டு விழுவதுபோல ஒரு படம். என் கல்யாணத்தன்று, நிந்தவூரைத் தாண்டி இருபுறமும் வயல் விரிந்து கிடந்த இடத்தில், மச்சானின் காரில் அது பற்றியது. நான் மாப்பிள்ளைத் தலைப்பாகையோடு முன் ஆசனத்தில் இருந்தேன். பின்னால் வாப்பாவும் அவருடைய தம்பி சாச்சாவும். என்ன விளக்கு அது என்று நாங்கள் யோசிக்கத் தொடங்கு முன்னரே மச்சான் காரை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டார்.

மச்சான் என் அக்காவின், அதாவது ராத்தாவின், கணவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேர்வார். அதனால் கல்முனையில் எங்கள் வளவுக்குள்ளேயே ராத்தாவின் வீடும் இருந்தது, மச்சானும் இருந்தார். கட்டாரில் ஒரு வாகனக் கம்பனியின் உதிரிப்பாகக் களஞ்சியத்தில் சில வருடம் வேலை செய்துவிட்டுத் தொண்ணூறுகளின் நடுவில் ஊர் திரும்பியவர், கொழும்பிலிருந்து ஒரு ஜப்பான் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கள் தெருவில் அப்படியொரு கார் அதற்கு முன் நின்றதில்லை. மூடியைத் திறந்து பார்த்தவர்கள் காபரேட்டரைத் தேடிக் களைத்துப் போனார்கள். அது இல்லாமலே ஓடும் கார் என்று மச்சான் சொன்னதை அரைமனதோடுதான் நம்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில், எஞ்சின் சூடேறு முன்னர், அவர் அந்தக் காருக்குச் செய்யும் பணிவிடையைப் பார்க்கவே அண்டை வீட்டார் வேலியோரம் வந்து நிற்பார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார். டயர்களைச் சுற்றி வருவார். ஒயில் பார்க்கும் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, மறுபடி செருகி, மறுபடி உருவி, கண்ணருகே கொண்டுபோய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். ராத்தா தேத்தண்ணீரோடு காத்து நிற்பாள். தனக்குக் காய்ச்சல் வந்தால்கூட இவ்வளவு அக்கறையாகத் தொட்டுப் பார்க்க மாட்டார் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வாள். மச்சான் சிரிப்பாரே தவிர கம்பியை விடமாட்டார்.

வாப்பா அந்தச் சடங்கைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் லொறிக்காரர். அம்பாறைப் பக்கத்து நெல்லைப் பழைய லொறியில் ஏற்றிக் கொழும்புவரை போய்வந்தவர். அவருடைய உலகில் நல்ல ஒயில் என்றால் பாணிபோல் தடித்து இழைய வேண்டும். மச்சான் கொழும்பிலிருந்து தருவித்த ஒயிலோ மெல்லியது. வாப்பா ஒருநாள் அதை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த வெயிலுக்கு இது தண்ணியாகப் போய்விடும் என்று உம்மாவிடம் கவலைப்பட்டார். மச்சான் காரின் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்து வைத்து விளக்கினார். இந்த எஞ்சினில் ஒயில் போகும் வழிகள் ஒடுக்கமானவை. சாவி திருப்பியதும் உச்சிவரை ஒயில் ஏறிவிட வேண்டும். தடித்த ஒயில் போய்ச் சேர்வதற்குள் உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசிவிடும். வாப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். தேய்ந்து இளகிய தன் லொறி எஞ்சினுக்குத் தடித்த ஒயில் சரி, புதுக் காருக்கு அது பிழை என்பதை அவரால் ஒரே நேரத்தில் நம்ப முடியவில்லை. இன்று நான் ஓட்டும் காருக்கு அதைவிடவும் மெல்லிய ஒயில்தான் ஊற்றுகிறார்கள். வாப்பா பார்த்திருந்தால் தலையில் கை வைத்திருப்பார்.

அன்று அந்த வயல்வெளியில் நடந்ததற்கு வருகிறேன். கார் நின்றதும் சாச்சா பதறினார். அக்கரைப்பற்றில் பெண் வீட்டார் காத்திருக்கிறார்கள், பிற்பகல் அஸர் தொழுகை முடிந்தவுடன் நிக்காஹ், எங்கள் ஆட்கள் ஏறிய வேன் முன்னாலேயே போய்விட்டது. போதாததற்கு, யுத்தம் நடந்த அந்த நாட்களில் அந்த வீதியில் ஒரு வாகனம் பிந்தினால் வீட்டில் இருப்பவர்கள் பழுதென்று நினைக்கமாட்டார்கள். வேறு எதையாவதுதான் நினைப்பார்கள்.

“விளக்குத்தானே பத்தியிருக்கு. கார் ஓடுதே. மெல்ல மெல்லப் போவம்,” என்றார் சாச்சா.

“ஏலா சாச்சா. இதுக்கு மேல ஓடினா எஞ்சின் இறுகிரும்,” என்று மச்சான் இறங்கினார்.

கம்பியை உருவினார். நுனியில் ஒரு பூச்சு மட்டும் இருந்தது. கல்யாண உடுப்போடு வீதியில் முழந்தாளிட்டுக் குனிந்து பார்த்தார். ஒயில் வடிக்கும் நட்டின் ஓரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டை விரலில் ஏந்தி இரு விரலால் தேய்த்தார். அது தடித்த ஒயில். அவர் நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாப்பா வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்து முழுக்க வியர்த்திருந்தது. முந்தின நாள் மச்சான் பந்தல் வேலையில் ஓடித்திரிந்தபோது, மகனின் கல்யாணப் பயணத்துக்குக் காரைப் பலப்படுத்துகிறேன் என்று அவர் தன் கையாலேயே ஒயிலை மாற்றியிருக்கிறார். நட்டுக்குக் கீழே வைக்கும் வோஷரைப் புதிதாகப் போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

“யார்ர வேலை இது?” என்று கேட்டார் சாச்சா. அவர் காதில் விழுந்தது ஊர் முழுக்க விழுந்த மாதிரி.

மச்சான் விரலைத் துடைத்தார். “என்ட பிழைதான் சாச்சா. நட்டு நான் முறுக்கினது. காலையில ஒயிலும் பாக்கல்ல,” என்றார்.

சாச்சா தொடங்கினார். களஞ்சியத்தில் வேலை செய்தவருக்கு நட்டு முறுக்கத் தெரியாதா என்பது முதல் எல்லாவற்றையும் மச்சான் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். வாப்பா ஒயில் சொட்டிய இடத்தைச் செருப்பால் மண் தள்ளி மூடினார்.

அப்போது கல்முனைப் பக்கமிருந்து வெறும் பெட்டியோடு ஒரு டிரக்டர் வந்தது. ஓட்டி வந்தவர், அக்கரைப்பற்றை அடுத்த தமிழ் ஊரான ஆலையடிவேம்பின் விவசாயி. ஆலையில் நெல்லை இறக்கிவிட்டுத் திரும்புகிறார். என் தலைப்பாகையைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் வழக்கப்படி மச்சானைக் காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார்.

“கல்யாணமா காக்கா? நான் அந்தப் பக்கம்தான் போறன். கயிறு கிடக்கு, கட்டுங்க.”

இப்படித்தான் நான் மாப்பிள்ளையாகப் போய்ச் சேர்ந்தேன். முன்னால் டிரக்டர் புகை கக்க, பின்னால் கயிற்றில் ஜப்பான் கார் சத்தமே இல்லாமல் ஊர்ந்தது. ஒலுவிலிலும் பாலமுனையிலும் பிள்ளைகள் கூடவே ஓடி வந்தார்கள். பெண் வீட்டு வாசலில் கவலையோடு நின்ற கூட்டம் எங்களைக் கண்டு முதலில் அல்ஹம்துலில்லாஹ் என்றது, பிறகு விழுந்து விழுந்து சிரித்தது. ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்துத் தானும் சிரித்ததாக என் மனைவி பின்னாளில் சொன்னாள். டிரக்டர்காரரை என் மாமனார் விடவில்லை. இறைச்சி வேண்டாம் என்று கூச்சப்பட்டவர், வட்டலப்ப இனிப்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

சாப்பாட்டுக்குப் பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டுகளை வைத்தபோது வாப்பா ஒரு காரியம் செய்தார். மாமனாரும் மருமகனும் ஒரே சஹனில் கை வைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மரியாதை இடைவெளி ஒன்று உண்டு. வாப்பா மச்சானைக் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தி, நல்ல துண்டுகளாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

ஊர் திரும்பிய பின் கார் சரியானது. தடித்த ஒயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, மெல்லிய ஒயில் ஊற்றியபோது புனலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வாப்பா. ஆனால் சாச்சா வாயிலிருந்து கதை கிளம்பிவிட்டது. நட்டு முறுக்க மறந்த கட்டார்காரர் என்று தேத்தண்ணிக் கடையில் மச்சானைக் கேலி செய்தார்கள். நான் அக்கரைப்பற்றிலிருந்து வந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து நாங்கள் மூவரும் அங்கே இருந்தபோது ஒரு லொறிக்காரர் அதையே மறுபடி எடுத்தார். மச்சான் வழக்கம்போலச் சிரித்தார். வாப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

“அந்த நட்ட முறுக்கினது நான். ஒயில ஊத்தினதும் நான்தான். என்ட மானம் போகக்கூடாதெண்டு அவர் ஏத்துக்கிட்டார்,” என்றார்.

மச்சான் காதுவரை சிவந்து, “அது என்னத்துக்கு மாமா இப்ப?” என்று முணுமுணுத்தார். வாப்பா எழுந்து வெளியே போனார். நாங்களும் பின்னால் போனோம்.

எப்போதும் பின் ஆசனத்தில் ஏறும் வாப்பா அன்று காரின் முன்கதவைத் திறந்தார். காலை உள்ளே வைத்தவர் ஏதோ நினைத்து மறுபடி இறங்கி, மூடியைத் திறக்கச் சொன்னார். கம்பியை உருவி, தன் தொழுகைக்குப் போகும் வெள்ளைக் கைக்குட்டையிலேயே துடைத்து, செருகி, மறுபடி உருவிக் கண்ணருகே கொண்டுபோனார்.

“ஓம், காணும். ரெண்டு கோட்டுக்கும் நடுவில நிக்குது,” என்று சொல்லிவிட்டு வந்து ஏறினார்.