காலி வண்டியில் கேட்ட முனகல்

நானும் கணவரும் இருங்காட்டுக்கோட்டையில் சமைத்து, வல்லம் வடகால் கம்பெனிகளுக்குப் பிக்கப் வண்டியில் சாப்பாடு கொண்டுபோகிறோம். மழையில் மண்பாதையில் வண்டி அடிக்கடி சிக்கியதால், கரடுமுரடான பாதைக்கும் தாங்கும் டயர்களாக மாற்ற நினைத்தோம். பழைய டயர் கடையில் நான்கு கிடைத்தன. தரையைப் பிடிக்கும் ரப்பர் பட்டன் தேயாமல் ஆழமாக இருந்ததை மட்டும் பார்த்து வாங்கிவிட்டோம்.

மறுநாள் மதியம் காலிப் பாத்திரங்களோடு திரும்பினோம். சாலையில் ஆளே இல்லை. பின்னாலிருந்து, யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல ஒரு முனகல் கேட்டது. வேகமெடுத்தால் முனகலும் ஏறியது, நிறுத்தினால் நின்றது. இறங்கிப் பார்த்தால் பாத்திரங்கள்தான் இருந்தன.

"இன்னா, பயந்துட்டியா? இந்த டயர்னா சவுண்டு வரத்தான் செய்யும்" என்று கணவர் சிரித்தார்.

மறுபடி கிளம்பியதும் முனகலுக்கு நடுவே, உள்ளிருந்து கதவைத் தட்டுவதுபோல சீராக ஒரு தட்டல்.

"நிறுத்துங்க, நான் எறங்கிக்கிறேன்!" என்று கத்தினேன்.

முணுமுணுத்தபடி ஓரங்கட்டினார். இறங்கி நாலடி நடப்பதற்குள் பின்டயர் வெடித்தது. பட்டன் பட்டை பாதி உரிந்து தொங்கியது; தட்டிக்கொண்டிருந்தது அதுதான்.

பஞ்சர் கடைக்காரர் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்களைத் தொட்டுக் காட்டினார். "எந்த வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு இதுல கீதும்மா. பத்து வருஷத்து டயரு. பட்டன் நல்லாத்தான் கீது, ரப்பர் எப்பவோ செத்துப்போச்சு."

இப்போதெல்லாம் டயர் வாங்கினால் அந்த எண்களைக் குனிந்து படிப்பது நான்தான். வழியில் புதிதாக ஏதாவது சத்தம் கேட்டால், டயரோ பேயோ, என் கணவர் முதலில் வண்டியை நிறுத்திவிடுகிறார்.