பதினேழாவது மாடியில் பத்து நாள்

பெங்களூரில் இப்போது உயரமான கட்டடங்களைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே கிடையாது. ஆட்டோக்காரர் சிக்னலில் நிற்கும்போது வலது பக்கம் கையைக் காட்டி, "இதெல்லாம் ஒரு நாள் உக்காந்துடும் பாருங்க மேடம்" என்பார். கோழிக்கடைக்காரருக்கு வேறு கவலை. மேலே குடிபோனவர்கள் கடைக்கு வருவதில்லை, ஃபோனில் தொடையை மட்டும் கேட்கிறார்கள், மீதிக் கோழியை அவர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? எங்கள் சபையின் போதகர் ஒரு ஞாயிறு, வானத்தை எட்டப் பார்க்கும் மனுஷனின் அகந்தையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் மகனுக்கு இரண்டு பெட்ரூமில் ஏதாவது படியுமா என்று விசாரித்தார்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. கட்டடங்களை வடிவமைக்கும் ஓர் ஆபீசில் நான் இருபது வருஷமாகப் படம் வரைகிறேன். இப்படி இருக்க வேண்டும் என்று ஆபீஸின் தலைவரான பெரியவர் கையை ஆட்டிச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். கதவு எங்கே, குழாய் எங்கே, கழிவு எந்த வழியாகக் கீழே இறங்கும் என்பதெல்லாம் எங்கள் தலையில். விளம்பரத்துக்காகக் கட்டடத்தின் படம் தயாரிக்கும்போது அதில் மனிதர்களை நிறுத்தி வைப்பதும் என் வேலைதான். அதற்கென்றே கம்ப்யூட்டரில் ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாம் வெள்ளைக்காரர்கள். ஒருவர் நாயுடன் நடப்பார், ஒரு பெண் எதற்கோ சிரித்தபடி இருப்பாள். ஒரு முறை சேலை கட்டி, கையில் காய்கறிப் பையோடு ஒரு அம்மாளை நீச்சல் குளத்தின் ஓரமாக நிறுத்தினேன். பெரியவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "இவங்க எங்க போறாங்க?" என்று கேட்டார். "வீட்டுக்குத்தான் சார்" என்றேன். அந்த அம்மாளை எடுத்துவிடச் சொன்னார்.

இவ்வளவு மாடிகளை வரைந்தவள், போன வருஷம் வரை ஆஸ்டின் டவுனில் தரைத்தள வீட்டில்தான் குடியிருந்தேன். பிறகு எங்கள் ஆபீஸ் வரைந்த ஒரு கோபுரத்திலேயே, பதினேழாவது மாடியில், வாடகைக்கு ஒரு ஃபிளாட் அமைந்தது. கட்டடத்துக்கு இத்தாலிக்காரர் பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் விற்பனைப் பிரிவில் ஒருவர் இருந்தார், அவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த இடத்தில் முன்பு ஐஸ் ஃபேக்டரி இருந்ததால், ஆட்டோக்காரர்களுக்கு அது இன்னும் ஐஸ் ஃபேக்டரிதான். நானும் அப்படியே சொல்லித்தான் வீடு போய்ச் சேர்கிறேன்.

தான் வரைந்த வீட்டில் தானே குடியிருப்பதைப் போன்ற தண்டனை வேறு இல்லை. பாத்ரூம் கதவைத் திறந்தால் வாஷ்பேசினில் இடிக்கும். சமையலறை ஸ்விட்ச், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது. என் கணவர் ஒவ்வொரு முறை முட்டியை இடித்துக்கொள்ளும்போதும், "எந்த மகராசி வரைஞ்சாளோ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவார்.

ஊரார் அபிப்பிராயம் எப்படியோ போகட்டும். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒருவருடைய அபிப்பிராயம், அது என் அப்பாவுடையது. கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகியும், கம்பெனி கட்டிக் கொடுத்த அந்த லைன் வீட்டை விட்டு அசையவில்லை. மூன்று வருஷம் முன்னால் அம்மா போன பிறகு அங்கே தனியாகத்தான் இருந்தார். தூசி குடித்த நெஞ்சு. பத்து எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் மூன்று நாள் எழுந்திருக்காமல் கிடந்தது எனக்கு நான்காம் நாள்தான் தெரிந்தது. அதன் பிறகு எனக்குத் தூக்கமே போய்விட்டது. அழுதும் சண்டை போட்டும் பார்த்தேன். கடைசியில், "பத்து நாள் வந்து பாக்கறேன். புடிக்கலன்னா வுட்டுடணும். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார். அந்தப் பத்து நாளில் எப்படியாவது அவரை மடக்கிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

முதல் நாளே லிஃப்ட் வாசலில் நின்றுவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். பளபளவென்று கண்ணாடி, மெதுவாகப் பாட்டு.

"ஆளு எங்க?" என்றார்.

"எந்த ஆளு?"

"இத ஓட்டற ஆளு."

"தானாப் போகும்ப்பா."

"தானாப் போறதுல நான் ஏற மாட்டேன். ஆறாயிரம் அடி எறங்கிகீறேன். மேல இஞ்சின் ரூம்ல டிரைவர் குந்திகினு இருப்பாரு. நாங்க மணி அடிச்சாத்தான் அவரு கை அசையும். கூண்டு அறுத்துகினா அவரு வேலையும் போவும், பேரும் போவும். இதுல யாரு பேரு போவும்?"

எப்படியோ கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். கதவு மூடியது. அப்பா பொத்தான்களை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மணி படம் போட்ட மஞ்சள் பொத்தானைக் கண்டதும் முகம் தெளிந்தது. நான் தடுப்பதற்குள் நிதானமாக, இடைவெளி விட்டு, மூன்று முறை அமுக்கினார். சுரங்கத்தில் அவர் இறங்கும் ஷாஃப்டில் மூன்று மணி அடித்தால் கூண்டில் ஏறியிருப்பது ஆட்கள், மெதுவாக ஓட்டு என்று அர்த்தமாம். இங்கே அதற்கு லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம்.

பதினேழாவது மாடியில் கதவு திறந்தபோது, பதினாலாவது மாடியில் ரோந்தில் இருந்த இரண்டு செக்யூரிட்டிகள் படியேறி வந்து நாக்குத் தள்ளி நின்றிருந்தார்கள். எலெக்ட்ரீஷியன் கதவை நெம்பும் கம்பியோடு பக்கத்து லிஃப்டிலிருந்து பாய்ந்து வந்தார். "ஏனாயித்து தாத்தா?" என்று செக்யூரிட்டிகளில் மூத்தவர் கன்னடத்தில், என்ன ஆச்சோ என்று பதறினார். "ஏனூ இல்லப்பா. எல்லா சரியாகிதே" என்று அப்பாவும் கன்னடத்திலேயே சமாதானம் சொல்லி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். வீட்டுக்குள் வந்ததும் என்னிடம், "பரவால்ல, மணி அடிச்சா ஆளு வர்றாங்க. ஆளே இல்லன்னு சொன்னியே" என்றார். அந்தக் கட்டடத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. எனக்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

அடுத்த இரண்டு நாளில் ஏழு தடவை மணி அடித்திருக்கிறார். கீழே போகும்போதும் அடித்தார், மேலே வரும்போதும் அடித்தார். குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், அவசர மணியை விளையாட்டுக்கு உபயோகிக்கும் குழந்தைகளைப் பெற்றோர் கண்டிக்க வேண்டும் என்று கண்ணியமான ஒரு செய்தி வந்தது. பத்துப் பதினைந்து பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். கூச்சமில்லாமல் நானும் ஆமோதித்தேன்.

கடைசியில் நிலைமையைக் காப்பாற்றியது சர்வீஸ் லிஃப்ட். சாமான் ஏற்றவும், குப்பை இறக்கவும், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் போய்வரவும் பின்பக்கம் ஒரு பெரிய லிஃப்ட் உண்டு. இன்னும் பாதி வீடுகளில் மரவேலை நடப்பதால், பலகை அடித்து உள்ளே கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள அதில் ஸ்டூல் போட்டு ஓர் ஆளை உட்கார வைத்திருந்தார்கள். பெங்களூர் நீலசந்திரா பகுதிக்காரர், ஐம்பது வயதிருக்கும். அப்பா அவரைக் கண்டுபிடித்த நாளிலிருந்து முன்பக்க லிஃப்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் டீ குடித்துவிட்டுப் போனால், ஸ்டூலுக்குப் பக்கத்தில் நெளிந்துபோன ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, மத்தியானம் வரை இருவரும் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். பெங்களூரிலேயே பொழுதுபோக்குக்குச் சர்வீஸ் லிஃப்டில் சவாரி செய்தவர் என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார்.

ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் சுருங்கிவிடுவார். பால்கனிப் பக்கம் போக மாட்டார். என்னென்னவோ சொல்லி ஆசை காட்டினேன். காற்றைச் சொன்னேன். வெளிச்சத்தைச் சொன்னேன். கீழே கொசு, மேலே கொசு கிடையாது என்றேன். அன்று சாயங்காலம் பார்த்து ஒரு கொசு அவர் நெற்றியிலேயே உட்கார்ந்தது. "லிஃப்ட்ல வந்துகீது" என்றார். "எத்தன அடி தோண்டி இருக்காங்க?" என்று கேட்டார். மூன்று தளம் என்றேன். "மேல இவ்ளோ, கீழ அவ்ளோதானா" என்று உதட்டைப் பிதுக்கினார். பாத்ரூம் கதவு இடித்தபோது, யார் வரைந்தது என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். என் கணவர் என்னைக் காட்டினார். எட்டு நாள் இப்படியே ஓடியது. அவர் முகத்தைப் பார்த்தால் திரும்பிப் போவது நிச்சயம் என்றுதான் தோன்றியது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இட்லித் தட்டை முன்னால் வைத்தேன். முதல் விள்ளலைச் சட்னியில் தோய்த்தபடி அப்பா கேட்டார்.

"ஏம்மா, இங்க ஒரு ஆளு செத்துட்டா எப்பிடி எறக்குவீங்க?"

"காலங்காத்தால என்ன பேச்சுப்பா இது?"

"கேக்கறேன். நீதான வரையறவ. சொரங்கத்துல கீழ செத்தவன மேல கொண்டாரணும். இங்க மேல செத்தவன கீழ கொண்டுபோவணும். வேல ஒண்ணுதான். அந்தக் கண்ணாடி லிஃப்ட்ல எட்டு பேரு நிக்கலாம். படுக்க முடியாது. படியில திரும்பற எடத்துல சவப்பெட்டி திரும்பாது, நான் பாத்துட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "உன்ன இங்க வாழறதுக்குக் கூட்டியாந்தா, நீ போற வழிய அளந்துகிட்டு இருக்க. இதெல்லாம் திரும்பிப் போறதுக்கு ஒரு சாக்கு" என்று கத்திவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அப்பா இட்லியை முழுசாகச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அரை மணி நேரம் போயிருக்கும். இன்டர்காம் அடித்தது. லிஃப்ட்காரர். "அக்கா, கொஞ்சம் வாங்க. ஐயா லிஃப்ட்ல படுத்துகினு கீறாரு. எழுந்துருன்னா எழுந்துருக்க மாட்டேங்கறாரு."

எப்படி ஓடினேன் என்று தெரியாது. நைட்டியோடு, ஈரக் கையோடு ஓடினேன். நான் போட்ட கூச்சலால் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். சர்வீஸ் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே, தரையில் பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து, அப்பா மல்லாந்து படுத்திருந்தார். கையிரண்டும் உடம்போடு ஒட்டி, கால் நேராக. கண் திறந்திருந்தது.

"உள்ள வா. கதவ மூடச் சொல்லு" என்றார். "நின்னா தெரியாது. ஓடும்போது பாக்கணும்."

லிஃப்ட்காரர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் அப்பாவின் காலடியில் நின்றேன். இறங்க ஆரம்பித்தோம். பதினோராவது மாடியில் நின்றது. நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி. நாய்களுக்கு முன்பக்க லிஃப்ட் கிடையாது. அந்த அம்மாள் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நைட்டியைப் பார்த்தார். அப்பா படுத்தபடியே, "ஒண்ணும் இல்லம்மா. அளவு பாக்கறேன். நீ வா, எடம் கீது" என்றார். அந்த அம்மாள் வரவில்லை. நாய்க்கு மட்டும் வர ஆசை இருந்தது.

கதவு மூடியது. அப்பா தலைக்கு மேலே கையை நீட்டிச் சுவரைத் தொட்டு, சாண் வைத்தார். "தலமாட்டுல ரெண்டு சாண் மிச்சம். கால்மாட்டுல ஒண்ணு. பக்கத்துக்கு ரெண்டு பேரு நிக்கலாம்." பிறகு என்னிடம், "இத இவ்ளோ நீளமா யாரு வெச்சது?" என்றார்.

"ஸ்ட்ரெச்சர் போகணும்னு சட்டம்ப்பா. நான்தான் வரைஞ்சேன்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டடத்தைப் பற்றி இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"உங்கம்மாவ எடுத்தப்போ நீ உள்ள பொம்பளைங்களோட இருந்த. உனக்குத் தெரியாது. அந்த வீட்டு வாசல்ல பெட்டி திரும்பல. எப்பிடிப் பாத்தாலும் திரும்பல. கடசில நிக்க வெச்சுதான் வெளிய எடுத்தோம். உள்ள அவ சரிஞ்ச சத்தம் கேட்டுது. நான்தான் கீழ்ப்பக்கம் புடிச்சிருந்தேன்."

லிஃப்ட்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். நான் அழுதேன். மூன்று வருஷமாக அந்த வாசலைத் தாண்டித்தான் அவர் தினமும் பால் வாங்கப் போயிருக்கிறார் என்பதை நினைத்து அழுதேன்.

தரைத்தளம் வந்தது. குப்பை வண்டி ஏற்ற இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். அப்பா மெதுவாகப் புரண்டு, என் கையைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடிக்கும் வரை பொறுத்தார். பிறகு லிஃப்ட்காரர் பக்கம் திரும்பி, சனிக்கிழமை தங்கவயலிலிருந்து ஒரு கட்டிலும் பீரோவும் வரும், வண்டி எந்த கேட்டில் நிற்கலாம் என்று கேட்டார்.