முழங்கால் உயரக் கொலைகாரி

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு மதியம், திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வாடகை வீட்டு ஹாலில் நானும் செல்வியும் முறுக்கு தின்றபடி ஒரு கொலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிவியில்தான். கொலை செய்தது ஒரு பொம்மை.

செல்வி என் வீட்டுக்காரரின் தங்கை. பேய்ப் படம் என்றால் தனியாகப் பார்க்க மாட்டாள். பார்க்காமலும் இருக்க மாட்டாள். அதனால் துணைக்கு நான்.

கொலைகாரியின் உயரம் முழங்கால் வரை. லேஸ் வைத்த கவுன், சுருட்டை முடி. அவளைப் பார்த்து ஆறடி ஆண் ஒருவர் மாடிப்படியில் விழுந்தடித்து ஓடுகிறார். ஏன் ஓடுகிறார்? குனிந்து தூக்கி, அண்டாவில் போட்டு மூடி, மேலே கிரைண்டர் கல்லை வைத்தால் கதை முடிந்ததே!

“நம்ம ஊரா இருந்தா பழைய பிளாஸ்டிக்குக்குப் போட்டு பூண்டு வாங்கிருப்போம்ல, மதினி” என்றாள் செல்வி.

சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் எடுக்கத் திரும்பினேன்... பெட்ரூம் வாசலில், திரைச்சீலையைப் பிடித்தபடி என் மகள் இனியா.

எல்கேஜி படிக்கிறாள். தூங்குகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்? எவ்வளவு நேரமாக நிற்கிறாள்? எதையெல்லாம் பார்த்தாள்?

“பாப்பா ஏம்மா கத்தி வச்சிருக்கு?”

“காய் நறுக்க” என்றேன். படித்த தாய் சொல்லும் பதிலா இது?

அன்று சாயங்காலத்திலிருந்து அவள் பாத்ரூமுக்குத் தனியாகப் போகவில்லை. கதவைத் திறந்து வைத்து, நான் வாசலில் நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால், “அம்மா, இருக்கீங்களா?” பிறந்தநாளுக்கு வந்த அவளுடைய நீலக்கண் பொம்மையை, அவளே சுவர் பக்கமாகத் திருப்பி உட்கார வைத்துவிட்டாள்.

நான் போனில் தேடினேன். குழந்தையின் பயத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசுங்கள் என்றது ஒரு கட்டுரை. பேசிப் பெரிதாக்காதீர்கள் என்றது இன்னொன்று. இரண்டையும் செய்தேன். பேசினேன், பாதியில் நிறுத்தினேன். நீலக்கண் பொம்மையைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். பிறகு அதற்கு மூச்சு முட்டுமோ என்று தோன்ற, ஏறிப்போய் முகத்தை மட்டும் திறந்து வைத்தேன்.

ஆமாம்... படம் பயமாக இல்லை என்று சிரித்தவள்தான் நான்.

இந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்காரர் அந்த அறிவிப்பை வெளியிட்டார். வடமதுரையில் நாங்கள் கட்டும் வீட்டுக்குத் தளம் போட்டாகிவிட்டது. வருகிற ஞாயிறு திருஷ்டி பொம்மை கட்ட வேண்டும். மனுஷர் அதைத் தானே செய்யப் போகிறாராம்!

தன் பழைய கட்டம்போட்ட சட்டையிலும் பேன்ட்டிலும் வைக்கோல் திணித்தார். பானையைக் கவிழ்த்துத் தலையாக்கி, அண்ணனும் தங்கையும் போட்டி போட்டு வரைந்தார்கள். கோழி முட்டைக் கண்கள், கடைவாய்க்கு வெளியே பல், கழுத்து வரை தொங்கும் நாக்கு. எல்லாம் இனியா கண்ணில் படாமல் வடமதுரையிலேயே. செய்து முடித்து, சனிக்கிழமையே புது வீட்டுச் சாரத்தில் கட்டியும் விட்டார்கள்.

ஒரு மாசம் கழித்துக் கட்டலாமே, பிள்ளை பயந்திருக்கிறாளே என்று நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். தளம் போட்ட வீட்டை மொட்டையாகவா விடுவது, ஊர்க் கண் பூராவும் அதன் மேல்தானே என்றார். திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால், கட்டவே வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் இல்லை. எதற்கு வம்பு?

ஞாயிறு காலை புது வீட்டைப் பார்க்க வண்டியில் போனோம். தெருமுனை திரும்பும்போது இனியாவின் கண்ணைப் பொத்துவது என் திட்டம். ஆனால் அவள் நின்றது அப்பாவுக்கு முன்னால், நான் உட்கார்ந்தது அப்பாவுக்குப் பின்னால். கை எட்டினால்தானே?

பார்த்துவிட்டாள். வண்டி நின்ற பிறகும் இறங்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இனி பாத்ரூமுக்கு மட்டுமில்லை, இந்த வீட்டுக்கே வரமாட்டாள்...

“இது கெட்டதாம்மா?”

“இல்லடி... நல்லது. கெட்டது எதையும் வீட்டுக்குள்ள விடாது.”

“அந்தப் பாப்பா கத்தியோட வந்தா?”

ஒரு வாரமாக நான் தோண்டியும் வராத கேள்வி! கட்டுரைகள் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

“வந்தாலும் விடாது.”

அவள் யோசித்தாள். கையை முழங்கால் உயரத்தில் வைத்துப் பார்த்தாள், பிறகு சாரத்தைப் பார்த்தாள். அளவு எடுக்கிறாள்!

“இது பெருசு. அப்பா, இதுக்குக் கத்தி வேணாமா?”

“மூஞ்சி ஒண்ணு போதும்த்தா” என்றார் அவர், பெருமையாக.

எங்கள் இருவருக்கும் தோன்றாத ஒன்று அடுத்து அவளுக்குத் தோன்றியது. “நம்ம தூங்குறது நாகல் நகர்லதான? இது ஏன் இங்க இருக்கு?”

வீட்டுக்காரர் சாரத்தில் ஏறிப் பெரிய பொம்மையை அவிழ்த்தார். மிச்ச வைக்கோலில் அவசரமாகச் செய்த குட்டிப் பொம்மை புது வீட்டுக்குக் காவல் நின்றது. பெரியவர் எங்களோடு கிளம்பினார். எனக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, என் இரண்டு கைகளுக்குள் பத்திரமாக.

திண்டுக்கல் எல்லையில் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டினார். ஹெல்மெட் இல்லாமல் நடுவில் யார் என்று கேட்டுக்கொண்டே கிட்டே வந்தவர், சட்டென்று இரண்டடி பின்னால் போனார்.

“அது பொம்மை, அங்கிள்” என்றாள் இனியா. “எங்க வீட்டுக்கு வேலைக்கு வருது.”

அவர் சிரித்த சிரிப்பில் தொப்பியே நழுவியது. போங்க, போங்க என்று வழிவிட்டார்.

இப்போது பெரியவர் எங்கள் மாடி வாசலில் கம்பிக் கதவோடு சேர்ந்து நிற்கிறார். அன்று சாயங்காலமே இனியா தானாக பாத்ரூமுக்குப் போனாள். பழக்கத்தில் நானும் பின்னால் போய் நின்றேன். “நீங்க போங்கம்மா” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மூடிய கதவைப் பார்த்து ஒரு தாய் இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

கொலைகாரப் பொம்மைப் படங்கள் பயமாக இருக்குமா? இருக்கும்தான் போல. அந்த ஊர்க்காரர்கள் பாவம், அழகான பொம்மையாகப் பார்த்து வாங்கி, கட்டிலில் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொள்கிறார்கள். அவலட்சணமாக ஒன்றைச் செய்து வாசலில் நிறுத்தி வைக்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பால்காரர் மட்டும் இப்போதெல்லாம் மாடிக்கு வருவதில்லை. பாக்கெட்டை முதல் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.