வரிசையில் நிற்க வந்தவள்

நான் முகாம்காரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலெக்டர் ஆபீஸில் இருந்து டீக்கடை வரைக்கும் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான். நான் மரக்காணத்து உப்பளத்தில் கூலிக்குப் போனவள். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாலும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். கைநாட்டு வைக்க இன்றுவரை யாருக்கும் கட்டைவிரலைக் கொடுத்ததில்லை. இதையும் நானேதான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. அவசரம் ஒன்றும் இல்லை, போனவள் போய்விட்டாள்.

அவள் இலங்கையில் இருந்து படகில் வந்தவள். கைப்பிள்ளையாக இல்லை, கல்யாணம் ஆகி வந்தாள். புருஷன் இங்கே வந்த பிறகு செத்துப் போனான். ஒரே மகள், முகாமில் பிறந்தவள். எங்கள் ஊரை ஒட்டித்தான் முகாம். முன்பு அகதி முகாம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். பிறகு மறுவாழ்வு முகாம் என்று பேரை மாற்றினார்கள். பேர் மாறியது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை மாறவில்லை. பத்தடிக்குப் பத்தடி அறை. வெயில் காலத்தில் உள்ளே உட்கார முடியாது, மழைக்காலத்தில் படுக்க முடியாது.

உப்பளத்தில் ஈர உப்பைக் கூடையில் அள்ளி, தலையில் சுமந்துபோய் மேட்டில் கொட்ட வேண்டும். ஈர உப்பு என்ன கனம் கனக்கும் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும். தனியாளாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. எதிரே ஒருத்தி நின்று ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட வேண்டும். அதற்காக எங்களில் ஆளுக்கொரு ஜோடி உண்டு. ஜோடி வராத நாளில் மற்றவளையும் மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவான். எனக்கு ஜோடி அவள்தான். பல வருஷம் அவள் தூக்கிவிட்ட கூடையைத்தான் நான் சுமந்தேன், நான் தூக்கிவிட்டதை அவள் சுமந்தாள்.

எங்கள் ஊர் டீயை அவளுக்குப் பிடிக்காது. "உங்கட தேத்தண்ணியில பாலைத் தவிர ஒண்டும் இல்லை அக்கா" என்பாள். "இத்தினி வருசமா எங்க தண்ணியைக் குடிச்சும் உனக்கு இன்னும் அந்த 'உங்கட' போகலையே" என்பேன். சிரிப்பாள். சிரித்தாலும் உப்பளத்தில் அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். நானும் குடிக்க மாட்டேன். அங்கே மறைவு கிடையாது. கண்ணுக்கெட்டிய வரைக்கும் பாத்தியும் வரப்பும்தான், ஒரு செடி இல்லை. ஆம்பிளைகள் வரப்பில் நின்றபடி போய்விடுவார்கள். நாங்கள் காலையில் வீட்டில் ஒரு சொம்பு குடித்தால் திரும்பி வந்துதான் மறு சொம்பு. கக்கூஸ் ஒன்று கட்டிக் கொடுங்கள் என்று ஒவ்வொரு கிராமசபையிலும் கேட்டிருக்கிறோம். உப்பு நிலத்தில் கட்டிடம் நிற்காது என்று ஒரு தலைவர் சொன்னார். அந்த நிலத்தில்தான் முதலாளியின் மோட்டார் ரூம் நிற்கிறது.

அவளுக்குக் கிட்னி கெட்டுப்போனது அதனால்தானா என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முகம் வீங்கியது, கால் வீங்கியது. கூடையைத் தூக்கிவிடும்போது அவள் கை நடுங்கியது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தை மிஷினில் சுத்தம் பண்ண வேண்டும், வாரத்துக்கு இரண்டு தடவை, ஒரு தடவையும் விடக்கூடாது என்று சொன்னார்கள். நன்றாகத்தான் பார்த்தார்கள். அங்கே ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் முகாமில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட் வீடு, உள்ளேயே கக்கூஸ். யாருக்கு வீடு என்பதுதான் முகாமில் அப்போது எல்லோருடைய பேச்சும். முகாமில் மாதம் ஒருநாள் ஆள் கணக்குப் பார்ப்பார்கள். செக்கிங் என்று சொல்வார்கள். வருவாய்த் துறையில் இருந்து முகாமுக்குப் பொறுப்பாக வரும் ஆர்.ஐ. மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், கூப்பிட்டவர் நேரில் நின்று கை தூக்க வேண்டும். கேரளாவுக்குப் பெயின்ட் அடிக்கப் போன ஒருத்தன் செக்கிங்குக்கு வராமல் போனதால் அவன் பேரை வெட்டிவிட்டார்கள். பேரைத் திரும்ப ஏற்ற அவன் ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததை முகாமே பார்த்தது. அந்த மாசம், அடுத்த செக்கிங்கில் இல்லாதவர்களுக்கு வீடு கிடையாது என்று ஒரு பேச்சு யாரோ ஒருவர் வாயில் இருந்து கிளம்பியது. ஆர்.ஐ. சொன்னாரா, வாட்ச்மேன் சொன்னானா, வீடு கட்டும் கான்ட்ராக்டர் ஆள் சொன்னானா, இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் சொல் ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

செக்கிங்கும் மிஷினில் படுக்க வேண்டிய முறையும் ஒரே நாளில் வந்தன. முந்தின நாள் நான் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"நான் போகாட்டி பிள்ளைக்கு வீடு இல்லையாம் அக்கா."

"நீ ஆஸ்பத்திரியில கெடக்கிறேன்னு நானே போயி அந்த ஆர்.ஐ. கிட்ட சொல்றேன். உம் பொண்ணும் அங்கதான நிக்கும். படு."

"சொன்னாக் கேப்பாங்களோ? நாங்கள் சொல்லி அவையள் எப்ப கேட்டவை?"

"நீங்க சொன்னா கேக்க மாட்டாங்க. நான் இந்த ஊரு. எனக்கு ஓட்டு இருக்குது."

அதற்கு அவள் சிரித்தாள். அதுதான் கடைசிச் சிரிப்பு என்று எழுதினால் அழகாக இருக்கும். இல்லை, அதற்குப் பிறகும் சிரித்தாள், ராத்திரிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த இட்லியைப் பார்த்து.

மறுநாள் மகள் துணிக்கடையில் லீவு சொல்லிவிட்டு வரிசையில் நின்றாள். குடும்பத்தில் எல்லோரும் நிற்க வேண்டுமே. மேசைக்குப் போனதும் ஆர்.ஐ.யிடம் சொல்லலாம் என்று நானும் கூட நின்றேன். அதனால் ஆஸ்பத்திரியில் அவளோடு யாரும் இல்லை. வெயில் ஏறிவிட்டது. வரிசை பாதிகூட நகரவில்லை. அப்போது ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. முதலில் இறங்கியது அவள் கால். அந்த வீங்கின காலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். பிறகு அவள். புடவைத் தலைப்பை இடது கையில் சுற்றி வைத்திருந்தாள்.

மகள் ஓடிப்போய்ப் பிடித்தாள். தலைப்பு விலகியது. புறங்கையில் மருந்து ஏற்றுகிற ஊசி அப்படியே இருந்தது, மேலே பிளாஸ்திரி. கக்கூஸ் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து, மாடிப்படி இறங்கி, ஈ.சி.ஆர். பஸ் ஏறி, இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். ஊசியை மறைத்தது எதற்கு என்று மகள் அழுதுகொண்டே கேட்டாள். ஊசியைப் பார்த்தால் கண்டக்டர் ஏற்ற மாட்டான் என்று நினைத்தாளாம்.

வரிசையில் முன்னே நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். அவள் முன்னே போகவில்லை. முறை தவறி நின்றால் அதையும் ஒரு குற்றமாக எழுதுவார்கள் என்ற பயம். மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் உதடு உப்புப் பாத்தியின் விளிம்பு மாதிரி வெளுத்து வெடித்திருந்தது. ஆர்.ஐ. சின்னப் பையன், புதுசாக வந்தவன். பேரைக் கூப்பிட்டான். அவள் கையைத் தூக்கினாள், ஊசி இருந்த கையை. அவன் அதைப் பார்த்தான்.

"பரவாயில்லையே, முடியலைன்னாலும் வந்துட்டீங்களே" என்றான். டிக் போட்டான். அடுத்த பேரைக் கூப்பிட்டான்.

திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் மிஷின் முறை போய்விட்டது. ஊசி இருந்த இடம் சிவந்து காய்ச்சல் கண்டது. அவர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அவள் செத்துப் போனாள். எங்கள் தெருச் சுடுகாட்டில்தான் எரித்தோம். அதற்கும் ஒருவன் முகாம் ஆளை இங்கே எரிக்கலாமா என்று கேட்டான். நான் அவனைப் பார்த்தேன், போய்விட்டான்.

கருமாதி முடிந்ததும் கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். திங்கட்கிழமை அங்கே மனு வாங்குவார்கள். வாசலில் மரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே 'ஏழை விதவையாகிய நான்' என்று ஆரம்பித்துவிட்டார். அடித்துவிடச் சொன்னேன். கடைசியில் 'கருணை கூர்ந்து உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று எழுதினார். அதையும் அடிக்கச் சொன்னேன். நான் உதவி கேட்க வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆள் செக்கிங்குக்கு நேரில் வர வேண்டுமா, வேண்டாமா, வேண்டாம் என்றால் அதை அவளிடம் சொல்ல வேண்டியவர் யார். இதை மட்டும் எழுதுங்கள் என்றேன். மனு இவ்வளவு குட்டையாக இருந்தால் படிக்க மாட்டார்கள் என்று அவர் வருத்தப்பட்டார்.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், இறந்தவருக்கு நான் என்ன உறவு என்று கேட்டாள். ஜோடி என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். கூடை தூக்கிவிடுகிறவள் என்று விளக்கினேன். ரத்த உறவா, இல்லையா என்றாள். இல்லை என்றேன். 'மற்றவர்' என்று ஏதோ ஒன்றைத் தட்டினாள்.

அந்த மனு மேலே போய், பக்கத்து மேசைக்குப் போய், தாலுக்காவுக்கு இறங்கி, கடைசியில் யாரைப் பற்றிக் கேட்டேனோ அந்த ஆர்.ஐ.யின் கைக்கே வந்து சேர்ந்தது. பதில் சொல்ல வேண்டியவன் அவன்தானாம். ஒரு செக்கிங் முடிந்ததும் முகாம் ஆபீஸ் அறைக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். மரியாதையாக நாற்காலி போட்டான். உட்கார்ந்தேன்.

"ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனவங்க வர வேணாம்மா. அட்மிஷன் சீட்டை யாராச்சும் கொண்டாந்து காட்டினா போதும். ரூல்ஸ்லயே இருக்குது."

"அது அவளுக்குத் தெரியுமா?"

"ரூல்ஸ்ல இருக்குதும்மா."

"அன்னிக்கு அவ கையில ஊசியைப் பாத்தியே. அப்பயாச்சும் சொன்னியா?"

அவன் பேனாவை மூடித் திறந்தான். தனக்கு ஏழு கிராமம், ஒரு ஆள்தான், மேலே இருந்து தினமும் ஒரு ரிப்போர்ட் கேட்கிறார்கள் என்றான். அது பொய்யில்லை, அவன் கண் சிவந்துதான் இருந்தது. பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னான்.

"அவங்க பொண்ணு பேருக்கு வீடு வந்திருச்சும்மா. சாவி குடுத்தாச்சு. அதை நினைச்சுக்குங்க."

"அவ வந்து நின்னதாலதான் வந்துச்சா?"

"இல்லம்மா, செக்கிங்குக்கும் வீட்டுக்கும் சம்பந்தமே இல்ல. வராட்டியும் கிடைச்சிருக்கும்."

"அப்ப எதுக்குச் செத்தா?"

வெளியே சிமென்ட் கலக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பதிலை எழுதிக் கொடு, இல்லையென்றால் மறுபடி திங்கட்கிழமை போவேன், அதற்கு அடுத்த திங்கட்கிழமையும் போவேன், எனக்கு உப்பளத்தில் இனி ஜோடி இல்லை, வேலையும் இல்லை என்றேன். போனேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கம்ப்யூட்டர்ப் பெண் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே 'மற்றவர் வந்துட்டாங்க' என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லுவாள். காதில் விழும். விழட்டும்.

கடைசியில் ஒரு போர்டு வைத்தார்கள். நீலத் தகரம், வெள்ளை எழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தேன். சிகிச்சையில் உள்ளவர்கள், நடமாட இயலாதவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் கணக்கெடுப்புக்கு நேரில் வரத் தேவையில்லை என்று இருந்தது. சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அதை மாட்டியது முகாம் ஆபீஸ் அறைக்குள்ளே. அந்த அறையை மாதத்தில் ஒருநாள்தான் திறப்பார்கள், செக்கிங் அன்றைக்கு. வரத் தேவையில்லை என்பதைப் படிப்பதற்கு வந்தாக வேண்டும்.

வெளியே மாட்டு என்று ஆர்.ஐ.யிடம் சொன்னேன். கடல் காற்றில் துருப் பிடித்துவிடும் என்றான்.

அதனால் செக்கிங்குக்கு முந்தின நாள் சாயங்காலம் நானே முகாமுக்குள் நடந்து, ஒவ்வொரு வீட்டு வரிசையிலும் நின்று சொல்லிவிட்டு வருகிறேன். முடியாதவர்கள் வர வேண்டாம், சீட்டு இருந்தால் போதும் என்று. "எங்கட ரேடியோ வந்திட்டுது" என்று குழாயடியில் பெண்கள் கேலி பண்ணுவார்கள். அவள் மகள் புது வீட்டு வாசலில் நாற்காலி போட்டு வைத்திருப்பாள். கொஞ்ச நேரம் உட்காருவேன். சுவரெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே வரச் சொல்லிக் கூப்பிடுவாள். நான் வாசலோடு சரி.

போன செக்கிங்கில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். மூச்சிரைப்புக்காரர். முந்தின நாள் அவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னேன், அவர் பிள்ளையிடமும் சொன்னேன். விடிந்ததும் வரிசையில் நிற்கிறார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்குகிறது.

"ஐயா, நேத்து அவ்ளோ சொன்னேனே."

"கேட்டனான் பிள்ளை." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "நீர் சொன்னீர். போர்டும் சொல்லுது. அவங்கள் இன்னும் வாயால சொல்லேல்லை."

அவர் அக்குளில் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். மேசை இருக்கும் இடம் தெரிந்தது. அங்கிருந்து இங்கே எழுந்து வந்து டிக் போடு என்று ஆர்.ஐ.க்குக் கேட்கும்படி சொன்னேன். அவன் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தான். அவன் வாயைத் திறந்து வர வேண்டாம் என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுவான் என்று பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் குனிந்து அடுத்த பேரைக் கூப்பிட்டான். நாங்கள் ஓர் அடி முன்னால் நகர்ந்தோம்.